மூலை இல்லாத வீடு

விற்றுக்கொண்டிருக்கும் ஒரு புத்தகத்தை அதை எழுதி வெளியிட்டவரே நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. அரசாங்கம் தடை செய்வதுண்டு, பதிப்பாளர் நொடித்துப்போவதுண்டு. எழுதியவனுக்குப் பிற்காலத்தில் கூச்சம் வந்து, ஆரம்பகாலக் கவிதைகளைத் தொகுப்பிலிருந்து சத்தமில்லாமல் கழித்துவிடுவது நம்மிலேயே பலருக்குப் பழக்கம். லாயிட் கான் என்கிற அமெரிக்கர் செய்தது இவற்றில் எதிலும் அடங்காது. 1971இல் அவர் கொண்டுவந்த ‘டோம்புக் 2’ ஒரு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கோள வடிவில், முக்கோணங்களை இணைத்து, டோம் வீடுகளைத் தாமே கட்டிக்கொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் புத்தகம். இரண்டொரு வருஷங்களுக்குள் அதன் மறுபதிப்பை அவரே நிறுத்தினார். தான் சொல்லிக்கொடுத்த வீடு குடியிருக்க லாயக்கில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை அச்சிலும் சொன்னார்.

எனக்குக் கட்டிடக்கலை தெரியாது. கல்லூரியில் படித்தது ஆங்கில இலக்கியம். பிழைப்பு ஒரு வங்கியில், வீட்டுக்கடன் பிரிவில், குமாஸ்தா உத்தியோகம். இருந்தும் இந்தச் சம்பவம் ஒரு வருஷமாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. அதில் இருக்கிற கேள்வி கட்டிடத்தோடு நிற்கவில்லை. ஒரு உருவத்தைப் பூரணமானது என்று நம்பி மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்கிறவன், அந்தப் பேச்சை நம்பி அதற்குள் குடிபோனவர்களுக்கு எந்த அளவு பொறுப்பு? விமர்சனம் என்ற பெயரில் இந்தப் பக்கங்களில் நாம் செய்துவருவதும் இந்த மாதிரிச் சிபாரிசுதான். அந்த இடத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் வீடு.

கான் 1935இல் பிறந்தவர். ஸான் பிரான்ஸிஸ்கோவில் இன்ஷூரன்ஸ் தரகராக இருந்து, 1965இல் அதை உதறிவிட்டுத் தச்சுவேலைக்கு வந்தவர். கலிபோர்னியாவில், ஸான்டா க்ரூஸ் மலைகளில், பஸிபிக் ஹைஸ்கூல் என்று ஒரு மாற்றுப் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே மாணவர்களோடு சேர்ந்து 17 டோம்கள் கட்டினார். அந்த அனுபவத்திலிருந்து 1970இல் முதல் ‘டோம்புக்’. அடுத்த வருஷம் இரண்டாவது. பொலினாஸ் என்கிற கடலோர ஊரில் தனக்கென்று ஒரு டோம் கட்டிக்கொண்டு அதில் குடியிருந்தார். ‘லைஃப்’ பத்திரிகை அதைப் படம் பிடித்துப் போட்டது. பிறகு அவர் அந்த டோமைக் கழற்றி விற்றுவிட்டு, அதே நிலத்தில், பழைய மரங்களைச் சேகரித்து, நேர்ச்சுவர்களும் சரிந்த கூரையுமாக ஒரு சாதாரண வீடு கட்டிக்கொண்டார். சுருக்கமாகக் கதை இவ்வளவுதான்.

இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பது சுலபம். அன்றைய அமெரிக்க இளைஞர்களின் கோமாளித்தனங்களில் ஒன்று என்று ஒதுக்குவது அதைவிடச் சுலபம். ஆனால் டோமின் பின்னால் இருந்த கனவு அற்பமானது இல்லை.

ஜியோடெசிக் டோமுக்கு 1954இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். ஜெர்மனியில் யேனா நகரத்தில், ஸைஸ் கம்பெனியின் கோளரங்கத்துக்காக, வால்ட்டர் பௌயர்ஸ்ஃபெல்ட் என்கிற இஞ்சினியர் 1920களின் தொடக்கத்திலேயே இப்படி ஒன்றைக் கட்டியிருந்தார். என்றாலும் அதை மனிதகுலத்தின் வீட்டுப் பிரச்னைக்கு விடை என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர் ஃபுல்லர்தான். அவருடைய முதல் பெண் அலெக்ஸாண்ட்ரா, நாலு வயது நிறைவதற்குச் சற்று முன்னால், 1922இல் இறந்துபோனாள். தாங்கள் இருந்த வீட்டின் குளிரும் ஈரமும் அந்தச் சாவுக்கு ஒரு காரணம் என்று அவர் பிற்பாடு சொல்லிவந்தார். நல்ல வீடு என்பது அதிர்ஷ்டம் உள்ளவர்களுக்குக் கிடைக்கிற சொத்தாக இருக்கக்கூடாது, தொழிற்சாலையில் காரைப் போல மலிவாக, லேசாக, லட்சக்கணக்கில் உற்பத்தியாக வேண்டும் என்கிற அவருடைய பிடிவாதத்துக்கு அடியில் இந்தத் துக்கம் இருந்தது. டோமைப் பற்றி யோசிக்கிறபோது நான் இந்தக் குழந்தையை மறக்காமல் இருக்கப் பார்க்கிறேன். துக்கத்திலிருந்து பிறந்த ஒரு உருவத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

அதன் தர்க்கமும் சாமானியமானது இல்லை. ஒரு குறிப்பிட்ட கொள்ளளவை மிகக் குறைந்த பரப்பால் மூடக்கூடிய உருவம் கோளம். மூன்று கழிகளை முனைக்கு முனை ஆணியடித்தால் அசையாமல் நிற்கும். நாலு கழிகளை அடித்தால் ஆடும். இந்த இரண்டு உண்மைகளைச் சேர்த்ததுதான் டோம். புத்தகங்களைப் பார்த்து நிறையப் பேர் கட்டிய ஒரு வகையை எடுத்துக்கொண்டால், அதில் 165 கழிகள், 61 முடிச்சுகள், 105 முக்கோணங்கள். கழிகளில் மூன்றே மூன்று நீளங்கள். மூன்று அளவில் மரத்தை வெட்டத் தெரிந்தவன் தனக்கொரு வானத்தைக் கட்டிக்கொள்ளலாம். தூண் வேண்டாம், உத்தரம் வேண்டாம், கொத்தனார் வேண்டாம். எந்தப் பகுதியும் எந்தப் பகுதியையும் அழுத்திக்கொண்டு நிற்கவில்லை. எல்லாம் எல்லாவற்றையும் தாங்குகின்றன. ஒரு கவிதை இப்படி இருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு சொல் கூடுதல் இல்லை, ஒரு சொல்லை எடுக்க முடியாது என்று எழுதியிருப்போம். நானே எழுதியிருப்பேன்.

இதோடு ஒரு தார்மீகக் கோபமும் சேர்ந்துகொண்டது. சதுரம் என்பது அலுவலகம், பட்டாளம், புறநகரில் வரிசையாக நிற்கும் ஒரே மாதிரி வீடு. வட்டம் என்பது சுதந்திரம், சமத்துவம், ஆதிமனிதன். 1965இல் கொலராடோவில், ட்ரினிடாட் ஊருக்குப் பக்கத்தில், ‘டிராப் ஸிட்டி’ என்று ஒரு குடியிருப்பைச் சில இளம் கலைஞர்கள் தொடங்கினார்கள். பழைய கார்களின் மேற்கூரைத் தகடுகளைக் கோடாலியால் வெட்டி எடுத்துவந்து டோம்களுக்குப் போர்த்தினார்கள். ஃபுல்லர் அவர்களுக்கு ஒரு பரிசும் கொடுத்தார். எட்டு வருஷங்களுக்குள் அந்த இடம் காலியாகிவிட்டது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாப் பழியையும் கூரைமேல் போடுவது நியாயமாகாது. ஆனால் ஒரு அறவியல் உருவகத்தை அப்படியே சுவராக எழுப்ப முடியும், அதற்குள் பாய் விரித்துப் படுக்க முடியும் என்று அவர்கள் நம்பியதை நான் கவனிக்கிறேன்.

பிறகு மழை பெய்தது.

105 முக்கோணங்கள் என்றால், தரையைத் தொடும் 15 விளிம்புகள் போக, பலகையும் பலகையும் சந்திக்கிற இணைப்புகள் 150. வெயில் கோளத்தின் ஒரு பக்கத்தைச் சுடுகிறபோது மறுபக்கம் நிழலில் குளிர்ந்துகிடக்கிறது. பலகைகள் விரிகின்றன, சுருங்குகின்றன. ஒவ்வொரு இணைப்பும் நாளெல்லாம் கொஞ்சம் அசைந்துகொண்டிருக்கிறது. அதில் பூசி வைத்த பசை ஒரு வருஷம் தாங்கும், இரண்டு வருஷம் தாங்கும், பிறகு எங்கோ ஒரு மயிரிழை திறக்கும். உள்ளே சொட்டுகிற இடத்துக்கும் மேலே ஓட்டை இருக்கிற இடத்துக்கும் சம்பந்தம் இருக்காது. தண்ணீர் கழியோடு வளைந்து இறங்கி வேறெங்கோ விழும். டெட்ராய்ட் அருகே ஃபோர்டு கம்பெனியின் ரொட்டண்டா கட்டிடத்துக்கு 1953இல் ஃபுல்லர் போட்டுக்கொடுத்த டோம்தான் அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது. 1962இல், தண்ணீர் புகாமலிருக்க அதன்மேல் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்துக் கட்டிடமே எரிந்துபோயிற்று. 1967 கண்காட்சிக்காக மாண்ட்ரியாலில் எழுப்பிய மாபெரும் டோமின் அக்ரிலிக் தோல், 1976இல் பழுதுவேலையின்போது எரிந்தது. இரும்புக்கூடு மட்டும் நின்றது. இன்றும் நிற்கிறது, வெகு அழகாக. 1995இல் அந்தக் கூட்டுக்குள்ளே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். மழையை மறிக்கும் வேலை கூட்டுக்கு இல்லை. அதை உள்ளே இருக்கிற கட்டிடங்கள் பார்த்துக்கொள்கின்றன.

ஈர வீட்டால் குழந்தையைப் பறிகொடுத்ததாக நம்பிய ஒருவர் உலகத்துக்குக் கொடுத்த வீட்டின் முக்கியமான குறை, அது ஒழுகுகிறது என்பது. இந்த முரணை ரசிக்க எனக்கு மனசு வரவில்லை.

இங்கே ஓட்டுக்கூரையை நினைத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். ஓட்டுக்கூரை முழுவதும் இடைவெளிதான். எந்த ஓடும் எந்த ஓட்டோடும் ஒட்டவைக்கப்படவில்லை. மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஏறிப் படுத்திருக்கிறது, அவ்வளவே. தண்ணீர் வரும் என்று அந்தக் கூரைக்குத் தெரியும். வந்த தண்ணீர் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை மட்டும் அது ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. ஒரு ஓடு உடைந்தால் ஒரு ஓட்டை மாற்றுகிறோம். டோம் இந்தச் சமரசத்துக்கு இணங்குவதில்லை. உச்சியில் ஏறக்குறையத் தட்டையாகவும் இடுப்பில் செங்குத்தாகவும் வளைகிற அதன் உடம்பில் ஒன்றின்மேல் ஒன்றைச் சரித்துப் போடுவது சிரமம். ஆகவே அது தண்ணீரை வரவே கூடாது என்கிறது. 150 இடங்களில், எல்லா நாளும், ஒரு தடவைகூடத் தவறாமல் அந்த வார்த்தை காப்பாற்றப்பட்டாக வேண்டும். குறையே இருக்கக்கூடாது என்பதை ஆதாரமாகக் கொண்ட ஒரு உருவம், முதல் குறையிலேயே தோற்றுவிடுகிறது.

ஒழுகல் நின்றாலும் வாழ்வதில் உள்ள அவஸ்தை நிற்பதில்லை. கட்டிலும் பீரோவும் மேஜையும் நேர்முதுகு கொண்டவை. வளைந்த சுவரோரம் அவற்றைப் போட்டால் பின்னால் ஆப்பு வடிவில் ஒரு வெற்றிடம் விழுகிறது. நடுவில் தடுப்பு எழுப்பினால், வளைந்த கூரைக்கு அதைப் பொருத்த ஒவ்வொரு பலகையையும் தனியாகச் செதுக்க வேண்டும். பாதி உயரத்தில் விட்டுவிட்டால் ஒருத்தர் கிசுகிசுப்பது இன்னொருத்தருக்குக் கேட்கிறது, சமையல் வாசனை மாடிப் படுக்கைக்கு ஏறுகிறது. கடையில் கிடைக்கும் ப்ளைவுட் நாலுக்கு எட்டு அடி நீள்சதுரம். அதில் முக்கோணம் வெட்டினால் துண்டுகள் வீணாகின்றன. குறைந்த பரப்பு என்கிற கணக்கில் மிச்சம் பிடித்தது இப்படிக் கழிவாகப் போயிற்று. கடைசியில், அந்த உருவத்தை நம்பி இருந்த பொருள்கள் எல்லாம், ப்ளாஸ்டிக்கும் பாலியூரித்தேன் நுரையும் பசைகளும், எந்தத் தொழிற்சாலை நாகரிகத்தை விட்டு ஓடிவந்தார்களோ அதன் விளைச்சல்களாகவே இருந்தன. ‘கெட்டிக்காரத்தனம் உண்டு, விவேகம் இல்லை’ என்கிற அர்த்தத்தில் தலைப்பிட்டு, கான் தன் சுயவிமர்சனத்தை எழுதினார்.

ஃபுல்லர் மீது ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். இல்லினாய் மாநிலத்தில், கார்பன்டேல் ஊரில், 1960 முதல் 1971 வரை அவரும் மனைவி ஆனும் ஒரு ப்ளைவுட் டோமில்தான் குடியிருந்தார்கள். மற்றவர்களுக்குச் சொன்னதில் தானே குடியிருப்பது சிறிய நேர்மை இல்லை. ஆனால் வருஷத்தில் பெரும்பகுதி உலகம் பூராவும் பிரசங்கப் பயணத்தில் இருந்த மனிதர் அவர். அந்த வீட்டில் அதிக நேரம் இருந்தவர் யார், அவர் என்ன நினைத்தார் என்று கேட்கத் தோன்றுகிறது.

அவருடைய வாழ்க்கையிலேயே இதற்கு முந்திய ஒரு சம்பவம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம், கான்ஸாஸில் விச்சிட்டா நகரத்தின் விமானத் தொழிற்சாலையில், அலுமினியத்தில் வட்டமான ஒரு வீட்டை உருவாக்கினார். மாதிரிகள் தயாராயின. வாங்க நினைத்தவர்கள் ஏராளமாக எழுதிக் கேட்டார்கள். ஆனால் இன்னும் செப்பனிட வேண்டும், இப்போது வெளியே விடக்கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்தார். திட்டம் கவிழ்ந்தது. முதலீடு செய்தவர்களில் ஒருவரான வில்லியம் கிரஹாம் மாதிரிகளை வாங்கி, தன்னுடைய சாதாரண வீட்டோடு அந்த வட்ட வீட்டை ஒரு பகுதியாக ஒட்டவைத்துக்கொண்டார். குடும்பம் 1970கள் வரை அதில் வாழ்ந்தது. இப்போது அது டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பின்னால் ஒட்டிய பகுதிகள் நீக்கப்பட்டு, படைப்பாளி நினைத்த மாதிரியே பூரணமாக. அந்த வீடு மனிதர்கள் வாழ்ந்த வீடாக இருந்தது, பூரணம் கெட்டு, பக்கத்தில் ஒரு சதுர வீட்டின் தயவில் நின்ற காலத்தில்தான்.

என் மேஜைக்கு வருகிற வரைபடங்களில் இப்படிப்பட்ட பூரணம் கிடையாது. வீட்டுக்கடனைக் கட்டம் கட்டமாகத்தான் கொடுப்போம்: அஸ்திவாரம், லிண்டல், கான்க்ரீட் கூரை, பூச்சு. ஒவ்வொரு கட்டத்துக்கும் புகைப்படம் வரும். கூரை போட்ட படத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் தூண்களின் கம்பிகள் மொட்டைமாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பையனுக்குக் கல்யாணமானால் மேலே ஒரு ரூம், பெண் திரும்பி வந்துவிட்டால் ஒரு ரூம், ஓய்வுபெற்ற பணத்தில் வாடகைக்கு ஒரு போர்ஷன். பாதிக் கம்பிகள் துருப்பிடித்தே போகும், எதுவும் கட்டப்படாது. பார்க்க லட்சணமாக இருக்காது. வெகுகாலம் அவற்றைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது, முடிக்கத் தெரியாத ஜனங்கள் என்று. இப்போது அப்படித் தோன்றவில்லை. நாளைக்கு என்ன வரும் என்று தெரியாதவன், தெரியாது என்பதைக் கட்டிடத்திலேயே எழுதிவைக்கிறான். டோமில் கம்பி நீட்டிவைக்க இடம் இல்லை. ஒரு முக்கோணத்தைத் திறந்து இன்னொரு அறையை ஒட்டலாம்; கோளம் கெட்டுப்போகும், புதிதாக ஒரு ஒழுகல் பிறக்கும்.

இந்த இடத்தில் எனக்கே ஒரு ஆட்சேபம் உண்டு. வட்டமான, குவிந்த வீடுகளில் மனிதர்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களாக வாழ்ந்துவந்திருக்கிறார்கள். கேமரூனின் வடக்கே முஸ்கும் ஜனங்கள் மண்ணாலேயே உயரமான டோம் வீடுகள் கட்டினார்கள். துருக்கியில் ஹரான் ஊரில் தேன்கூடு போன்ற கூரைகள் வரிசையாக நிற்கின்றன. பனிப்பிரதேசத்தில் இக்லூ. அப்படியானால் குறையை உருவத்தின் மேல் போடலாமா? கூர்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. ஹரானில் ஒரு கூரை என்பது ஒரு அறை. குடும்பம் பெருகினால் பக்கத்தில் இன்னொன்று, உள்ளே வழி விட்டு. இக்லூ ஒரு பருவத்துக்கு. அது உருகுவதை யாரும் தோல்வியாக நினைப்பதில்லை. முஸ்கும் வீட்டின் வெளிச்சுவரில் மேடாக ஓடும் வரிகளை நான் முதலில் படத்தில் பார்த்தபோது அலங்காரம் என்று நினைத்தேன். அவை கால்வைக்கும் படிகளும்கூட. பூச்சு உதிர்ந்தால் ஏறிப்போய் மறுபடி பூசுவதற்கு. வீடு பழுதாகும் என்பதைக் கட்டும்போதே ஒப்புக்கொண்டு, பழுது பார்க்க வருகிறவனின் பாதத்துக்கு இடம் விட்டுத்தான் அந்தச் சுவரை எழுப்பியிருக்கிறார்கள். அழகும் அங்கேதான் இருக்கிறது.

எகிப்தின் உதாரணம் இதைவிடச் சிக்கலானது. லக்ஸருக்கு எதிர்க்கரையில், பழைய குர்னா கிராமத்து ஜனங்களுக்காக, ஹஸன் ஃபாத்தி 1945 முதல் 1948 வரை ஒரு புதுக் கிராமம் கட்டினார். மண் செங்கல், நூபியக் கொத்தர்களின் கைப்பழக்கம், சதுர அறைக்குமேல் டோம். மூலை உண்டு, மலிவு உண்டு, சூடு தாங்கும், அந்த மண்ணின் மரபும்கூட. ஆனால் ஜனங்கள் குடிபோக மறுத்தார்கள். புராதனக் கல்லறைகளை ஒட்டிய பிழைப்பை விட்டுவர அவர்களுக்கு மனமில்லை என்பது ஒரு காரணம். அவர்களுக்கு டோம் என்பது இறந்தவர்களுக்கு, சமாதிகளுக்கு, எழுப்புவது என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஃபாத்தி உண்மையான கலைஞர். ஏழைகள்மீது அவருக்கிருந்த கரிசனத்தைச் சந்தேகிக்க முடியாது. இருந்தும், வாழப்போகிறவனுக்கு அந்த உருவம் என்ன அர்த்தம் தருகிறது என்பதை அந்த உருவத்தின் குணங்களை வைத்து முடிவுசெய்ய முடியவில்லை.

ஆகவே வட்டமா சதுரமா என்பது பொய்யான சண்டை என்று நினைக்கிறேன். நான் கேட்க விரும்புவது வேறு. இந்த உருவத்தில், அது தவறுகிறபோது கால்வைத்து ஏறுவதற்கு ஒரு படி இருக்கிறதா? அதைச் சிபாரிசு செய்தவன் முதல் மழைக்காலம் முடிகிற வரையாவது கூட இருந்தானா?

கான் இருந்தார். அதுதான் அவரிடம் நான் மதிக்கிற விஷயம். பதினேழு டோம்களும் சொந்த வீடும் ஒழுகுவதைப் பார்த்தார், வாசகர்கள் எழுதியதைக் கேட்டார், வருமானத்தை நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது போதுமா? ஒரு லட்சம் பிரதிகள் வெளியே போய்விட்டன. அவற்றைப் பார்த்துக் கட்டியவர்களின் கூரைக்கு இந்த மனமாற்றம் ஒரு சொட்டுத் தாரும் பூசாது. பழைய பிரதியைக் கையில் வைத்திருப்பவனுக்கு நிறுத்திய செய்தி போயிருக்குமா என்பதும் நிச்சயமில்லை. அதனால்தான் அவர் அடுத்துச் செய்தது முக்கியம் என்று படுகிறது. 1973இல் ‘ஷெல்டர்’ என்று ஒரு பெரிய புத்தகம் கொண்டுவந்தார். கொட்டகை, குடிசை, கூடாரம், மரவீடு, உலகத்தின் பல மூலைகளில் பெயர் தெரியாதவர்கள் கட்டிக்கொண்ட வீடுகளின் படங்களும் விவரங்களும். டோம் தவறு என்கிற விசாரணையும் அதிலேயே இடம்பெற்றது. டோமுக்குப் பதிலாக இன்னொரு பூரண உருவத்தை அவர் முன்வைக்கவில்லை. பார்க்கத் தொடங்கினார். ஒரு விமர்சகன் தன் தவறுக்குச் செய்யக்கூடிய பரிகாரம் இதற்குமேல் என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது என் விஷயம். ஏழெட்டு வருஷங்களுக்கு முன் ஒரு நண்பர், என்னைவிட வயதில் மூத்தவர், சிறு ஊரில் பள்ளி ஆசிரியர், ஒரு நீண்ட கவிதையை என்னிடம் படிக்கக் கொடுத்தார். அவருடைய அம்மாவின் வீட்டைப் பற்றியது. இருபது பக்கம் இருக்கும். அதில் ஒரு முழுப் பக்கம், எந்த மாதத்தில் யார் எந்த இடத்தில் படுத்துக்கொள்வார்கள் என்பது: வெயிலுக்குத் தாத்தா வாசல் திண்ணையில், பிரசவத்துக்கு வந்த அத்தை அரங்கில், சண்டை போட்ட சித்தப்பா மாட்டுக்கொட்டிலில். நான் அப்போது உருவம், இறுக்கம், மிகையின்மை என்று இதே மாதிரிப் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்தவன். இந்தப் பக்கம் கவிதைக்கு எதையும் சேர்க்கவில்லை என்றேன். அதோடு இன்னும் பல பக்கங்களையும். அவர் பணிவானவர், வெட்டினார். இருபது பக்கம் பதினாறு வரியாயிற்று. வெளிவந்தபோது நாங்கள் ஆறேழு பேர் கொண்டாடினோம். ஒரு சொல் கூடுதல் இல்லை என்று நான்தான் எழுதினேன். அதற்கப்புறம் அவர் எதுவும் எழுதவில்லை.

கவிதை வீடு ஆகாது, அது ஒழுகினால் யாரும் நனைவதில்லை என்று சொல்லலாம். நானும் எனக்கு அப்படிச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் எழுதுகிறவன் அதற்குள் வருஷக்கணக்கில் இருக்கிறான். அவனுக்கு அங்கே விளக்குமாறு சாத்திவைக்க ஒரு மூலை, கோபித்துக்கொண்டு உட்கார ஒரு மூலை, பின்னால் வரப்போவதற்கென்று இரண்டு கம்பி வேண்டியிருக்கிறது. நான் அவருக்குக் கொடுத்ததில் அதெல்லாம் இல்லை. பதினாறு வரியோடு முடிந்துபோன ஒன்றில் அவர் அடுத்து எங்கே கைவைத்திருக்க முடியும்? அவர் எழுதாமல் போனதற்கு நான் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது ஒரு விதமான கர்வம். நான் காரணமே இல்லை என்பது பொய். உருவத்தைப் பற்றி நான் எழுதிய அந்தக் கட்டுரையை இனி எந்தத் தொகுப்பிலும் சேர்க்கப்போவதில்லை. சத்தமில்லாமல் கழிப்பதாக இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

போன மாதம் அவர் ஊருக்குப் போயிருந்தேன். டோம் சமாச்சாரம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்கள் சொன்னது சரிதானே, அந்தப் பக்கங்கள் இல்லாமலே அது நிற்கிறதே” என்றார். நிற்கிறது, மாண்ட்ரியாலில் இருப்பதும் நிற்கிறது என்றேன். அந்தக் காகிதங்கள் இருக்கின்றனவா என்று கேட்டதற்கு, பழைய பேப்பரோடு போய்விட்டது என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, யார் எங்கே படுப்பார்கள் என்று வாய்ச்சொல்லாகவே சொல்ல ஆரம்பித்தார். ஆனியிலிருந்து தொடங்கி மார்கழி வரைக்கும் வந்தார். நடுநடுவே அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து திருத்தினார். கவிதையில் இல்லாத ஒரு ஒன்றுவிட்ட பாட்டிகூட வந்தாள். சிலது முன்பின் முரணாக இருந்தது; ஒரே திண்ணையில் ஒரே மாதத்தில் இரண்டு பேரைப் படுக்கவைத்துவிட்டார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். யோசனை எதுவும் சொல்லவில்லை.